பின்னால் நின்ற கப்பல்

“அந்தக் கடைசிக் கப்பலை விட்டுட்டுப் போனா எத்தனை பாயின்ட் குறையும்?”

“இருபது சார். அது நீங்க போட்ட விதிதான்.”

“என் விதி என்னையே பதம் பார்க்குது” என்று அட்மிரல் மேஜை மேல் குனிந்தார்.

அவர் கடற்படையில் எந்தப் பதவியில் இருந்து ஓய்வுபெற்றார் என்று யாரும் கேட்டதில்லை. போர் ஆட்டங்கள் தயாரிக்கும் அந்தச் சின்ன கம்பெனியில் எல்லோருக்கும் அவர் அட்மிரல்தான். பழைய கடற்போர்களை அட்டையில் வரைந்த கடல் வரைபடத்திலும் மரக் கப்பல்களிலும் மறுபடி நடத்திப் பார்க்கிற ஆட்டங்கள். எதுவானாலும் அவர் ஒரு தடவை ஆடிக் கையெழுத்துப் போட்டால்தான் அச்சுக்குப் போகும். கூட வந்த கப்பலைக் கைவிட்டு ஓடும் கோழைக்கு இருபது பாயின்ட் அபராதம் என்ற விதியை ஒற்றைக் காலில் நின்று சேர்த்தவரும் அவரே.

ஆறு போர்கள் கொண்ட புதிய பெட்டியில் ஐந்துக்குக் கையெழுத்தாகிவிட்டது. இது ஆறாவது. வடிவமைத்தவள் எதிரே உட்கார்ந்து எதிரிப் படையை நகர்த்திக்கொண்டிருந்தாள். மற்ற ஐந்தையும் ஒரே வருஷத்தில் முடித்தவள், இந்த ஒன்றுக்கு எட்டு வருஷம் எடுத்துக்கொண்டாள். ஒருதலைப்பட்சமான ஆட்டம் என்று அவர் ஒதுக்கிவிட்டால் எட்டு வருஷமும் வீண்.

நிலைமை இதுதான். அட்மிரலிடம் நான்கு போர்க்கப்பல்கள், அவற்றின் காவலில் ஒன்பது தானியக் கப்பல்கள். இருபுறமும் மணல்திட்டு உள்ள குறுகிய வழியில் அத்தனையும் துறைமுகம் போய்ச் சேர வேண்டும். ஆறாம் சுற்றில் கடைசிப் போர்க்கப்பலின் பாய்மரம் முறிந்துவிட்டது. அதில் நூற்றுப் பன்னிரண்டு பேர். பின்னால் எதிரியின் ஏழு கப்பல்கள்.

“இது எந்தப் போர்? நான் படிக்காத கடற்போர் கிடையாது. இது மட்டும் பிடிபட மாட்டேங்குது.”

“பேர், தேதி எல்லாம் மாத்திட்டேன் சார். வழக்கமா செய்றதுதானே? எதுன்னு தெரிஞ்சா முடிவைத் தெரிஞ்சுக்கிட்டு ஆடுவாங்க. நீங்க கையெழுத்துப் போட்டதும் கவரைத் தர்றேன்.”

ஒட்டிய பழுப்பு உறை ஒன்று மேஜை ஓரத்தில் இருந்தது.

அவளுடைய போன் அதிர்ந்தது. எடுத்துத் தாழ்ந்த குரலில் பேசினாள்.

“இல்லப்பா… இன்னும் திரும்பல… யோசிக்கிறார். முடிஞ்சதும் நானே கூப்பிடுறேன்.”

“அப்பாவுக்கும் இதுல ஆர்வமா?” என்றார் அட்மிரல்.

“இதை முதல்ல ஆடினவரே அவர்தான் சார்.”

“அவர் திரும்பினாரா?”

“அதைச் சொன்னா சோதனையே கெட்டுடும்.”

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு ஸ்கேலை எடுத்து வழியை அளந்தார்.

“திரும்பி வர எத்தனை சுற்று ஆகும்?”

“ரெண்டு சார்.”

“எதிரி வந்து சேர?”

“அதுவும் ரெண்டுதான்.”

“கயிறு கட்டி இழுத்துட்டுப் போனா?”

“வேகம் பாதியாயிடும். தானியக் கப்பல் மொத்தமும் மாட்டிக்கும்.”

“படகை இறக்கி ஆளுங்களை மட்டும் ஏத்திக்கிட்டா?”

“அந்த அலையில படகு நிக்காது சார்.”

“எல்லாக் கதவையும் சாத்தி வச்சிருக்கியேம்மா.”

“நான் சாத்தல சார். அன்னிக்கு அப்படித்தான் இருந்துது.”

முக்கால் மணி நேரம் போனது. அவருக்கு வைத்த டீயில் ஆடை படிந்துவிட்டது. பாய்மரம் முறிந்த கப்பலைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். விரல் நீள மரத்துண்டுதானே என்று விட்டுவிடுகிற ஆள் இல்லை அவர். அவருடைய கண் கலங்கியதை அவள் பார்த்தாள். பார்த்தது அவளுக்குப் பிடிக்கவில்லை.

கடைசியில் அந்த ஒன்றை மட்டும் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, மற்ற கப்பல்களைத் துறைமுகம் நோக்கி நகர்த்தினார்.

முக்கியமான எந்த முடிவுக்கும் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது அங்கே பழக்கம். அவர் எழுதியதை வாய்விட்டுப் படித்தார்.

“‘திரும்பினால் பதின்மூன்று கப்பல்களும் போய்விடும். இந்த இடத்தில் யார் இருந்தாலும் இதைத்தான் செய்வார்கள். இதைக் கோழைத்தனம் என்று சொல்பவனுக்குக் கடலைப் பற்றி ஒன்றும் தெரியாது.’ சரியா?”

“சரி சார்.”

“அந்த இருபது பாயின்ட் விதியை எடுத்துடும்மா. தப்பான விதி.”

“அதையும் எழுதிடுங்க.”

எழுதினார். கையெழுத்தும் தேதியும் போட்டார். அவள் தாளை மடித்துத் தன் பைக்குள் பத்திரப்படுத்திய பிறகுதான் உறையை நீட்டினாள்.

“இப்பவாவது சொல்லு. முந்நூறு வருஷம் இருக்குமா?”

“இருபத்தாறு வருஷம் சார். இன்ஜின் நின்னுபோன இரும்புக் கப்பலுக்கு நான்தான் பாய்மரம் வச்சேன். வரைபடத்தையும் இடவலம் மாத்திப் போட்டேன்.”

அட்மிரல் உறையைப் பிரித்தார். உள்ளே இருந்தது ஒரு தீர்ப்பின் நகல். நூற்றுப் பன்னிரண்டு பேரைக் கைவிட்டுக் கோழையைப் போல் ஓடிய கேப்டனைப் பதவிநீக்கம் செய்வதாக அதில் இருந்தது. கீழே, விசாரணைக் குழுத் தலைவர் என்ற இடத்தில் அவருடைய கையெழுத்தேதான்.

அதற்குள் அவள் போனை எடுத்திருந்தாள்.

“அப்பா, அவரும் திரும்பலப்பா.”