நீலச் சட்டை அப்பா

“மெர்சி, உம் பொண்ணு இன்னிக்கு மட்டும் நாலு பேர அப்பான்னு கூப்புட்டா!”

பால்வாடி டீச்சர் அஞ்சம்மாள் சொல்லிவிட்டுச் சிரித்தாள். மெர்சிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் இடுப்பில் ஏறிக்கொண்ட இரண்டு வயது ஏஞ்சலோ, அந்த நேரம் பார்த்து, கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸைக் கை நீட்டிக் காட்டினாள். பஸ் நிறைய நீலச் சட்டைகள்.

“அப்பா! அப்பா!”

ஜன்னலோரம் இருந்தவன் பல்லைக் காட்டிக் கையாட்டினான். மெர்சிக்கு மானமே போனது.

“புள்ளைக்கு எதுனா கொறையா டீச்சர்? ஹவுஸ் ஓனரம்மா காதுல வுழுந்தா இன்னா நெனப்பாங்க? ஊட்ட காலி பண்ணச் சொல்லிட்டா, கைப்புள்ளய வச்சிக்கினு நான் எங்க போவேன்?”

“அட, நீ ஏன் பேஜாராவுற? இந்த வயசுல நெறைய புள்ளைங்க இப்டித்தான். கைல இருக்கறதே கொஞ்சம் வார்த்த. அத்த வச்சித்தான் ஊரையே கூப்புடணும். பூனைய மியாவ்னு கத்துக்கினா, ஆட்டையும் மியாவ்னுதான் சொல்லும். உம் பொண்ணு நீலச் சட்டைதான் அப்பான்னு நெனச்சிக்கினுகீறா.”

“எப்ப மாறும்?”

“அவங்கப்பா மூஞ்சியப் பாத்துப் பழகுனா தானா மாறிடும். எப்பப் பாரு நைட் ஷிப்ட்டு, டபுள் டூட்டின்றியே! ஞாயித்துக்கெழமயாவது புள்ளையத் தூக்கிக் கொஞ்சச் சொல்லு. ஒரு நாள் இங்க இட்டுக்கினு வாயேன், நானே சொல்றேன்.”

“சொல்றேன் டீச்சர்” என்று மெர்சி நடையைக் கட்டினாள்.

வழியில் ஏஞ்சல் இன்னும் இரண்டு அப்பாக்களைக் கண்டுபிடித்தாள். வரிசை வீட்டுப் பெண்கள் குழாயடியில் கூடிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மெர்சி நிற்கவில்லை. இரண்டு வருடமாக அவள் யாரிடமும் நின்று பேசியதில்லை. பேச ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் பேச்சு வளர்ந்தால் கேள்வியும் வளருமே.

வாசல் கொடியில் நீலச் சட்டை காய்ந்திருந்தது. “அப்பா!” என்று ஏஞ்சல் அதை நோக்கித் தாவினாள்.

துளி அழுக்கில்லாத அந்தச் சட்டையை மெர்சி எடுத்தாள். வாளித் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, ஹவுஸ் ஓனரம்மா கண்ணில் படும்படி உதறி மறுபடியும் காயப்போட்டாள்.

‘குடும்பமா இருந்தாத்தான் ஊடு’ என்று அந்த அம்மா கறாராகச் சொன்ன அன்று, பொன்னேரியில் பழைய துணிக்காரரிடம் அவள் தேடி வாங்கிய சட்டை அது. அதைப் போட்டுக்கொள்ள அந்த வீட்டில் இதுவரை ஆளே இருந்ததில்லை.