ஆமைக்கு ஒரு மானிட்டர்

"தூரத்துல ஒருத்தன் புதர்ல ஒளிஞ்சிருந்தாலும் என் கண்ணுக்குத் தெரியணும். அப்படி ஒண்ணு காட்டுங்க."

கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். நரைத்த மீசை, தடித்த கண்ணாடி. பக்கத்தில் உர்ரென்று மனைவி.

"பையனுக்கா சார்?"

"எனக்குத்தான். கேம் விளையாட."

மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருப்பி எங்கே பார்ப்பது? கடை முழுக்க மானிட்டர்கள். எல்லாவற்றிலும் யாரோ யாரையோ சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பெரிசா இருந்தா மட்டும் பத்தாது சார். 4கே எடுங்க, இலை இலையாத் தெரியும். ஆள் ஓடுறப்போ இழுத்துக்கிட்டுப் போகாம இருக்க வேகமும் வேணும். இதுல ரெண்டும் இருக்கு. ஸ்பீக்கர்கூட உள்ளேயே இருக்கு."

"ஸ்பீக்கர் எனக்கு எதுக்கு? ஹெட்போன் இருக்கு. சாயங்காலம் ஆறு மணிக்குள்ள மாட்டிடலாம்ல?"

காரில் ஏறியதும் அவள் ஆரம்பித்தாள்.

"நம்ம பையன் விளையாடினப்போ என்ன செஞ்சீங்க?"

அவர் வண்டியைக் கிளப்பினார்.

"நான் சொல்லட்டுமா? பரீட்சை நேரத்துல என்னடா ஆட்டம்னு அவன் மானிட்டரைத் தூக்கிப் போட்டு உடைச்சீங்க. அன்னைக்குப் போனவன்தான். நம்பரையும் மாத்திட்டான். உயிரோட இருக்கேன்னு அவன் சித்திக்கு எப்பவாவது ஒரு வரி வருது, அதோட சரி. பெத்தவ நான், அவன் குரலைக் கேட்டு ரெண்டு வருஷமாச்சு. நீங்க என்னடான்னா ரிட்டயர் ஆனதுலேர்ந்து ஏதோ ஒரு பழைய மானிட்டரை மாட்டிக்கிட்டு அவன் கம்ப்யூட்டர் முன்னாடியே உக்காந்து டப்பு டப்புனு சுட்டுக்கிட்டிருக்கீங்க. உங்களுக்கே இது நல்லா இருக்கா?"

"ஆறு மணிக்கு முக்கியமான ஆட்டம். அப்புறம் பேசலாம்."

இதைக் கேட்டு எந்தப் பெண்டாட்டிக்குத்தான் பற்றிக்கொண்டு வராது?

வீட்டில் பையனின் மேஜை மேல் மானிட்டரை ஏற்றுவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. ஒயரைச் சொருகி பட்டனை அழுத்தினார். 'சிக்னல் இல்லை' என்றது திரை. பிடுங்கிச் சொருகினார். மறுபடியும் அதே.

"கொஞ்சம் டார்ச் பிடியேன். மணியாகுது."

"நான் எதுக்குப் பிடிக்கணும்?"

ஆனாலும் பிடித்தாள். திட்டிக்கொண்டேதான் பிடித்தாள்.

கம்ப்யூட்டருக்குப் பின்னால் தலையை நுழைத்துப் பார்த்தவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். அவசரத்தில் ஒயரை மேலே இருந்த துளையில் சொருகியிருக்கிறார். கேம் ஓட்டும் கார்டு கீழே அல்லவா இருக்கிறது! மாற்றிச் சொருகியதும் திரை பளிச்சென்று வந்தது.

அவசரமாகக் கேமைத் திறந்து ஹெட்போனை மாட்டினார். ஒன்றும் கேட்கவில்லை. அதன் ஒயரை ஆட்டி ஆட்டிப் பார்த்தார்.

புது மானிட்டர் வந்ததும் கம்ப்யூட்டர் சத்தத்தையும் அதற்கே அனுப்பிவிட்டது அவருக்குத் தெரியாது. காதை அடைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருக்க, அவளுக்குத்தான் முதலில் கேட்டது.

"எல்லாரும் வந்தாச்சா? ஆமை எங்கடா?"

"அந்த ஆமையை இன்னைக்கும் சேத்துக்கணுமா? எதிர்ல நிக்கிறவன்கூட அதுக்குத் தெரியல." இது வேறொரு குரல்.

"இன்னைக்கு ஒரு ஆட்டம் பாப்போம். தேறலைன்னா தூக்கிடலாம்." மறுபடியும் அந்த முதல் குரல்.

அவள் அவர் காதிலிருந்து ஹெட்போனைப் பிடுங்கினாள்.

"என்னங்க, இது நம்ம பையன்."

அவர் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். மாட்டிக்கொண்டது புரிந்தது.

"ஆமாம். கேம்ல அவன் வெச்சுக்கிற பேர் எனக்குத் தெரியும். தேடிப் பிடிச்சு அவன் டீம்ல சேந்துட்டேன். மைக்கைக் கழட்டி வெச்சிருக்கேன். என் குரலைக் கேட்டா இங்கேருந்தும் போயிடுவான்."

"அப்போ ஆமை?"

"நான்தான். கண்ணு சரியாத் தெரியாம தினமும் சொதப்பறேன். இன்னைக்கும் சொதப்பினா தூக்கிடுவாங்க. அப்புறம் அவன் குரலைக் கேக்க எனக்கு வேற வழியே இல்ல."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ மைக்கைத் தேடி மாட்டி 'கண்ணா'ன்னு கூப்பிட்டிருப்ப."

அப்படித்தான் செய்திருப்பாள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக்கூட இல்லை.

ஆட்டம் தொடங்கியது. அவர் இரண்டு முறை அடி வாங்கினார். இன்னும் ஒன்று வாங்கினால் போச்சு.

"அந்தப் புதர்ங்க. இடது பக்கம். இலை அசையுது பாருங்க."

சுட்டார். ஒருவன் விழுந்தான்.

"அட, ஆமைக்குக் கண்ணு வந்துடுச்சுடா," என்றது மகனின் குரல். "இருக்கட்டும். நம்மகூடவே இருக்கட்டும்."

ஆட்டம் முடிந்து மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். அவர் ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தட்டினார். பெரிய திரையில் அது பெரிதாகவே தெரிந்தது: 'சாப்பிட்டியா?'

"துப்பாக்கி விளையாட்டுல எவனாவது சாப்பிட்டியான்னு கேப்பானா?" அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"தினமும் கேப்பேன். 'ம்'னு டைப் பண்ணிட்டுப் போயிடுவான். எனக்கு அது போதும்."

இன்று அந்த 'ம்' வரவில்லை. அவர் பயந்து போனார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து, டைப் பண்ணாமல் அந்தக் குரலே பேசியது.

"சாப்பிட்டேன்ப்பா. அம்மா சாப்பிட்டாங்களா?"