மறந்துபோன மார்க் ஷீட்

"இதை என் சின்னப் பொண்ணுகிட்ட குடுத்துடுங்க. மறந்துட்டு வந்துட்டா, கழுதை!"

துராம் சிரித்துக்கொண்டே பிளாஸ்டிக் உறையை யூனிவர்சிட்டி ஆபீஸ் ஜன்னல் கம்பிக்குள் நீட்டினார். உள்ளே பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட். மலையிலிருந்து ஐந்து மணி நேரம் பஸ்ஸில் அதை மடியிலேயே வைத்து, கசங்காமல் கொண்டு வந்திருந்தார்.

சேர்க்கைப் பிரிவு குமாஸ்தா பிங்குவா தலையைத் தூக்கவில்லை. "பேரு?"

"நாந்தி. செவ்வாய்க்கிழமை முக்தா அக்காகூட வந்தா. பெரியவ ஜானோவையும் அவங்கதான் இங்க சேர்த்துவிட்டாங்க. ரெண்டு வருஷம் ஆச்சு."

"இந்த வருஷம் சேர்க்கையே இன்னும் ஆரம்பிக்கல, மாமா. அடுத்த வாரம்தான் ஃபாரமே குடுப்போம்."

துராமுக்குச் சுருக்கென்றது. காட்டு ஜனங்களுக்காகவே கட்டின யூனிவர்சிட்டி என்று பேர். கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துவிட்டால் நம்மவனுக்கும் தலைக்கனம் வந்துவிடுகிறது.

"அப்ப பெரியவளைக் கூப்பிடுங்க. அவ சொல்லுவா. நம்ம ஹோ பாஷைதான் படிக்கிறா."

பிங்குவா அப்போதுதான் அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். "ஹோ பிரிவுல ரெண்டாம் வருஷம் மொத்தமே பத்தொன்பது பேர். அத்தனை பேரையும் எனக்கு ஊரோட தெரியும். ஜானோன்னு யாரும் இல்ல."

"உக்காந்த இடத்துல இருந்தா உங்களுக்கு என்ன தெரியும்?" துராமின் குரல் உயர்ந்தது. வரிசையில் நின்ற பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். "வாரம் தவறாம போன் பண்றா. ஹாஸ்டல் சமையல்கட்டுல குக்கர் விசில் அடிக்கிறதுகூட எனக்குக் கேக்குது. 'மேடம் கூப்பிடறாங்க பாபா'ன்னு பாதியில வெச்சுட்டு ஓடுவா. எல்லாம் பொய்யா?"

"லீவுக்கு வீட்டுக்கு வந்தாளா?"

"பெரிய படிப்புக்கு லீவு கிடையாதுன்னு முக்தா அக்கா சொன்னாங்க."

பிங்குவா எழுந்து வந்து பக்கத்துக் கதவைத் திறந்து, அவரை உள்ளே கூட்டிப்போய் நாற்காலியில் உட்காரவைத்தார். ஒரு டம்ளர் தண்ணீரும் கொடுத்தார். கொஞ்சம் சத்தம் போட்டதும் பயந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டார் துராம்.

"அவளுக்குப் போன் போடுங்க, மாமா. ஸ்பீக்கர்ல போடுங்க."

நாலைந்து முறை மணி அடித்த பிறகு எடுத்தாள். "பாபா?" குரல் தாழ்ந்திருந்தது.

"எங்கம்மா இருக்க?"

"ஹாஸ்டல்ல, பாபா. படிச்சிட்டிருக்கேன்."

கேட்டுக்கொண்டாயா என்பதுபோல் துராம் பிங்குவாவைப் பார்த்தார். "அப்ப வெளிய வாம்மா. நான் உங்க ஆபீஸ்லதான் உக்காந்திருக்கேன். இந்த ஆளு உன்னைத் தெரியாதுங்கிறார்."

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் கொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"ஜானோ?"

வாயில் துணியை அடைத்துக்கொண்டு அழுவதுபோல் ஒரு சத்தம் வந்தது. "நான் டில்லியில இருக்கேன், பாபா. ஒரு வீட்டுல பாத்திரம் தேய்க்கிறேன். நான் ஒருநாள்கூடக் காலேஜைப் பார்த்ததில்ல. வெளிய விட மாட்டேங்கிறாங்க."

பிங்குவா துராமின் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "தெருப் பேரு என்னம்மா? வீட்டு நம்பரு?" என்று போனை நோக்கிக் குனிந்தார்.

"தெரியாதுங்க. ஐயோ, மேடம் வர்றாங்க..." அவள் அவசர அவசரமாகச் சொன்னாள். "என்னை விடுங்க, பாபா. முக்தா அக்கா மறுபடி நம்ம ஊருக்கு வந்தா, நாந்தியை மட்டும் அனுப்பிடாதீங்க."