பத்தில் ஒரு பங்கு

"வேலை செய்யாத ஆளுக்குப் பெயர் எதுக்கு மெடம்? றிஸ்லான் நானாவைத் தூக்கி நன்றியில போடுங்க."

யசோதினி விடுவதாக இல்லை.

வாவி மீன்களின் சத்தத்தைப் பதிவு செய்யும் ஆய்வு அது. மொத்தப் பதிவில் பத்தில் ஒரு பங்காவது செய்தவருக்குத்தான் கட்டுரையில் பெயர். குறைந்தால் கடைசியில் ஒரு வரி நன்றி. பேராசிரியர் கேதீஸ்வரியோடு மல்லுக்கட்டி அவளே கொண்டுவந்த விதி.

"சரி, போடுவம். ஆனா இதுக்கு என்ன செய்ற?"

கேதீஸ்வரி கம்பியூட்டரில் புதிய பதிவொன்றைத் தட்டிவிட்டார். யார் பதிந்தாலும் முதலில் பெயரும் இடமும் சொல்வது அவர்கள் வழக்கம்.

"யதுர்ஷன். பழுகாமம் துறை."

ஒரு சின்ன இருமல். பிறகு, தண்ணீருக்கு அடியிலிருந்து மீனின் முனகல்.

பதிவு நேற்றையது. அவர்களோடு பதிவு செய்துவந்த யதுர்ஷன் வைகாசியிலேயே தோணி கவிழ்ந்து செத்துப்போனவன்.

"ஒவ்வொரு கிழமையும் வருகுது," என்றார் கேதீஸ்வரி, மெதுவாக.

"பேய்க்குக் கம்பியூட்டர் தெரியாது மெடம். ஆரெண்டு நான் பிடிச்சுத் தாறன்."

பின்னேரம் பழுகாமம் துறையில் ஒரு குருவி இல்லை. வாவி எண்ணெய் ஊற்றினமாதிரிக் கிடந்தது. கரையோரக் கண்ணாப் பற்றைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"யதுர்ஷன். பழுகாமம் துறை."

அதே இருமல்.

யசோதினி பற்றையை விலக்கினாள்.

தோணியில் றிஸ்லான். ஒரு கையில் போன். மறு கையால் மைக்கைத் தண்ணீருக்குள் இறக்கிக்கொண்டிருந்தான்.

"செத்தவன்ட குரலைப் போட்டு... இது களவு நானா."

"மீன் உண்மை, இடம் உண்மை. பெயர் மட்டும்தான் பொய்."

"அது போதாதா?"

"நாம பதியப் பதிய அவன்ட பங்கு சுருங்குது யசோ. சும்மா விட்டா நம்மட விதி அவனை நன்றிக்குள்ள தள்ளிரும். செத்தவன் எழும்பி வந்து பதிவானா?"

யசோதினி அவன் கையிலிருந்த போனைப் பார்த்தாள்.

"அப்ப, இவ்வளவு நாளும் நீங்க பதிஞ்சது எல்லாம் அவன்ட பெயரிலயா?"

"ஓம்."

"உங்கட பெயரைத் தூக்கச் சொல்லிப்போட்டுத்தான் நானா வாறன்."

றிஸ்லான் கயிற்றை இன்னும் கொஞ்சம் இறக்கினான்.

"தூக்கட்டும். எனக்கு அடுத்த கட்டுரை இரிக்கே."