மூன்று புளூ

“புளூ எண்டா என்ன சாமான்? எப்ப வெடிக்கிற? உண்மை சொல்லு!”

சிங்கள இன்ஸ்பெக்டர் தனக்குத் தெரிந்த தமிழில் மேசையைத் தட்டிச் சிவமணியைக் கேட்டார். அவன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொழும்பு வெள்ளவத்தையில் அறை எடுத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. இன்று காலை சோதனைச் சாவடியில் அவன் சட்டைப் பையிலிருந்து பிடிபட்டது, லண்டனுக்குப் போன கூட்டாளி பேர்னாட்டின் கடிதம். லண்டன் தண்ணீர் குடித்த பெருமையில் பேர்னாட் ஆங்கிலத்தில்தான் எழுதுவான். ‘அடுத்த கிழமை மூன்று புளூ அனுப்புகிறேன். வீட்டுக்காரியின் கண்ணில் படாமல் பார்த்துக்கொள். அறையே வெடிக்கும்.’

“சேர், அது பகிடி. இங்கிலீசுக்காரர் தூஷணப் பகிடியைப் புளூ எண்டுதான் சொல்லுறவை. அறை வெடிக்கிறது சிரிப்பிலை, சேர்!”

“முந்தி வந்த கடிதம் எங்க? காட்டு.”

“வாசிச்ச உடனை கிழிச்சுப்போடுவன்.”

“ஏன்?”

“வீட்டுக்கார ரீச்சரெண்டா எனக்குப் பயம்.”

இன்ஸ்பெக்டர் உறையைத் திருப்பிப் பார்த்தார். வாயோரத்தில் காய்ந்த சோற்றுப் பருக்கை. “இது நீ திறக்க முந்தியே ஆரோ திறந்து ஒட்டியிருக்கு. ஆர்?”

‘வேறை ஆர், உங்கடை ஆக்கள்தான்’ என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டான். அவனுக்கு வருகிற கடிதமெல்லாம் அப்படித்தான் வரும். இப்போது வாயைக் கொடுத்தால் பின்னேரத்துக்குள் இரகசியப் பொலிசின் நாலாம் மாடிக்கு ஏற்றிவிடுவார்கள். அங்கே போனவன் எப்போது திரும்புவான் என்று யாரிடமும் கேட்க முடியாது.

பொலிஸ் பதிவில் வீட்டுக்காரியின் பெயர் இருந்தது. ஆள் அனுப்பினார்கள். அரை மணித்தியாலத்தில் அருள்நாயகி ரீச்சர் வந்து நின்றார். நெற்றி நிறைய விபூதி, கையில் குடை. முப்பது வருடம் ஆங்கிலம் படிப்பித்தவர். அறையில் பெடியன்கள் சத்தமாகச் சிரித்தாலே கதவைத் தட்டுகிறவர். இவருக்கு முன்னால் அந்தச் சொல்லுக்குக் கருத்துச் சொல்வதைவிட நாலாம் மாடியே மேல் என்று சிவமணிக்குத் தோன்றியது.

ரீச்சர் கடிதத்தை ஒருதரம் பார்த்தார். “பெடியன் சொல்லுறது சரி. தூஷணப் பகிடிதான்.”

“நீலம் எண்டுதானே எங்களுக்குப் படிப்பிச்ச?”

“நிறமும்தான், துக்கமும்தான், ஊத்தைப் பகிடியும்தான். ஒரு சொல்லுக்கு ஒரு கருத்து எண்டு ஆர் உங்களுக்குப் படிப்பிச்சது?”

இன்ஸ்பெக்டர் கதிரையில் சாய்ந்தார். “அப்ப ஒண்டு சொல்லுங்க, பாப்பம்.”

சிவமணி கண்ணை மூடிக்கொண்டான். கதை முடிந்தது.

“சொல்லலாம். இவனை வெளியிலை விடுங்கோ. இளந்தாரிப் பெடியனுக்கு முன்னாலை நான் சொல்லமாட்டன்.”

வெளியில் கிடந்த நீள மர வாங்கில் அவனை இருத்தினார்கள். கதவுக்கு அப்பால் ரீச்சரின் சிங்களம் தாழ்ந்த குரலில், கொஞ்சமும் தடுமாறாமல் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று அறை வெடித்தது. இன்ஸ்பெக்டர் கண்ணைத் துடைத்தபடி வெளியே வந்து, கடிதத்தை அவன் பையில் செருகி, “போ மல்லி, போ” என்று சிங்களத்தில் தம்பி முறை சொல்லி அனுப்பினார்.

காலிக்குப் போகும் பெருவீதியின் வெயிலில் ரீச்சர் குடையை விரித்து முன்னால் நடந்தார். சிவமணிக்கு நன்றி சொல்லவும் வெட்கமாக இருந்தது.

“ரீச்சர், என்ன பகிடி சொன்னனீங்கள்?”

“கப்பல்காரனும் கிளியும்.”

சிவமணி நின்றுவிட்டான். அது பேர்னாட் மாசி மாதம் எழுதியது. வாசித்த கையோடு துண்டு துண்டாகக் கிழித்துக் கடலில் போட்டிருந்தான்.

“பேர்னாட்டுக்கு எழுது,” திரும்பிப் பார்க்காமலே சொன்னார் ரீச்சர். “உறைக்கு இவ்வளவு கோந்து பூச வேண்டாமாம். திறந்து, வாசிச்சு, சோத்துப் பருக்கை வைச்சு ஒட்டுறதுக்குள்ளை எனக்குக் கை உளைஞ்சுபோகுது.”