முன்னால் போனவர்

நோபல் பார்க் என்ற புறநகரில் பல் மருத்துவராக இருக்கும் நிரூபா, விங்சூட் பந்தயத்தின் இறுதிச் சுற்றுக்குத் தோற்கும் எண்ணத்தோடு வரவில்லை. காலை எட்டு மணிக்கு, மலைக்கு மேலே நின்ற ஹெலிகாப்டரிலிருந்து அவளோடு சேர்த்துப் போட்டியாளர் நால்வரும் ஒன்றாகக் குதித்தார்கள். கைகால்களுக்கிடையே துணிச்சிறகு விரிந்ததும் மற்ற மூவரையும் அவள் சுலபமாகப் பின்தள்ளிவிட்டாள்.

முன்னால் ஒரு நீலச் சிறகு மட்டும் போய்க்கொண்டிருந்தது. பாறை இடுக்கில் அது உடலைச் சாய்த்துத் திரும்பிய விதம் அவ்வளவு அழகு. அவளும் அதேபோலச் சாய்ந்து விரட்டினாள். எட்ட முடியவில்லை. எல்லையைத் தாண்டியதும் பாராசூட்டை விரித்து, பனி படிந்த புல்வெளியில் இறங்கினாள்.

தங்கை தர்சினி ஓடி வந்து கட்டிப்பிடித்தாள். "அக்கா, வெண்டிட்டியள்!"

"இல்லையடி. நீலச் சூட்டோட ஒராள் எனக்கு முன்னால போனவர். நீ காணேல்லையே?"

"நாலு பேர்தானே குதிச்சது? நீலத்தில ஒருத்தரும் இல்லை. நீங்கள்தான் முதல்."

நடுவரும் அதையே சொல்லிக் கைகுலுக்கினார். நிரூபாவுக்கு மனம் ஒப்பவில்லை.

"அவரை விட்டுப்போட்டு எனக்கென்ன முதலிடம்? இன்னொருக்காக் குதிக்கப்போறன். இந்த முறை பிடிப்பன்," என்று சிரித்தபடி பாராசூட்டைச் சுருட்டினாள்.

அப்போதுதான் கீழே பார்த்தாள். அவள் இறங்கிய இடத்துக்குப் பத்தடி முன்னால், வெறும் புல்வெளியின் நடுவில், ஒரு சோடிக் காலடித் தடங்கள் தொடங்கி, ஹெலிகாப்டர் வந்திறங்கி நிற்கும் பக்கமாகப் போயிருந்தன. மிதிபட்ட புல் ஒவ்வொன்றாக நிமிர்ந்துகொண்டிருந்தது.