கறுப்புத் தாளில் வெட்டிய எழுத்து

பதுளைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் ஆய்வுகூடச் சன்னலில் செவ்வரத்தைச் செடித் தொட்டி இருக்கிறது. ஓர் இலையைக் கறுப்புத் தாள் மூடியிருக்கிறது. தாளில் வெட்டிய ‘மே’ என்ற எழுத்தின் வழியாக மட்டுமே வெயில் இலையைத் தொட முடியும். வெட்டியவள் மாணவி மேனுஷா. ஒளித்தொகுப்புச் சோதனைக்காக, பழைய மாப்பொருள் தீரட்டும் என்று செடியை இருட்டு அலமாரியில் வைத்துவிட்டு அவள் வீடு போன அன்றுதான் மண் சரிந்து தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டையும் அவளையும் மூடியது. ஒன்பது நாள் கழித்து, இன்று காலைதான் டீச்சர் கமலாம்பிகை அலமாரியைத் திறந்து செடியை வெயிலில் வைத்தார். அடுத்த வகுப்பறையில் தங்கவைக்கப்பட்டிருக்கும் மேனுஷாவின் அம்மா விஜிதா அப்போதிருந்து தொட்டியருகே நிற்கிறாள். யாரோ கொடுத்த சட்டை தோளில் நழுவுகிறது. மேசையில் அயடீன் போத்தல் இருக்கிறது. இலையை அவிக்க அடுப்பில் தண்ணீர் கொதிக்கிறது.

“வெயில் பட்ட இடத்தில மட்டும் மாப்பொருள் இருக்கும். அயடீன் விட்டா அவ வெட்டின எழுத்து கருநீலமாத் தெரியும்,” என்கிறார் டீச்சர். “நீங்களே பறிச்சுத் தாங்கோ.”

நாளுக்குப் பதினெட்டுக் கிலோ கொழுந்து பறிக்கும் விரல்கள் காம்பைப் பிடிக்கின்றன. அப்படியே நிற்கின்றன.

“இன்னும் கொஞ்சம் வெயில் படட்டுங்க டீச்சர்,” என்கிறாள் விஜிதா.

சன்னலை விட்டு வெயில் போய் வெகுநேரமாகிறது.